இடப்பக்கத்து மாடு

மடியில் மாட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு, வழுக்கை விழுந்த ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு மாடியில் இருந்தது அந்த முடி வளர்ப்பு மருத்துவமனை. உள்ளே ஏசி ஓடியது. சுவரில் இரண்டு படங்கள். முடி இல்லாதவன் சோகமாக இருந்தான், முடி வந்தவன் சிரித்தான். இருவரும் ஒரே ஆள் என்று கீழே எழுதியிருந்தது. பொய். காது வேறு. நான் மாட்டு டாக்டர், காதைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் செருப்பில் சாணம் காய்ந்திருந்தது. மடியில் துணி சுற்றிய டப்பா. அதற்குள் எட்டுக் குழாய்களில் ரத்தம். கருப்பட்டி ஏற்றும் வேனில் வந்ததால் துணியில் அந்த வாசனை ஏறியிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த ரோஸ்லின் படிவத்தை எடுத்தாள். தருவைகுளத்துப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"பேஷண்ட் பேரு, மேடம்?"

"செவலை."

"வயசு?"

"ஆறு."

பேனா நின்றது. "ஆறு வயசுலயேவா முடி கொட்டுது?"

"முடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கழுத்துலதான் புண்ணு. மாடு."

எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கல்யாணம் நிச்சயமாகி, தாலி கட்டுவதற்குள் நெற்றியைக் கொஞ்சம் சுருக்கிவிட வேண்டும் என்று வந்தவர்.

"மேடம், எங்க ரத்தத்தைச் சுத்துற மெஷின்லயா இதையும் சுத்துவாங்க?"

"ஏன், கூடாதா?"

"மாறிராதுல்லா?"

"மாறினா உங்களுக்கு லாபம். முடியோட கொம்பும் சேந்து வரும்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. உச்சந்தலையில் நாலு முடி முளைக்க ஊருக்கு ஊர் மெஷின் இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் மாடுகளுக்கு ஒன்று இல்லை.

கழுத்தில் ஒரு குழி

அப்போது உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். சுயம்புலிங்கம் அண்ணாச்சி அங்கே கருப்பட்டி மொத்த வியாபாரி. கருப்பட்டி அவருக்குத் தொழில், வண்டிப் பந்தயம்தான் உயிர். இரண்டு காளைகள் வைத்திருந்தார். மயிலை எப்போதும் வலப்பக்கம், செவலை எப்போதும் இடப்பக்கம்.

ஒரு நாள் செவலையை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். திமிலுக்கு முன்னால், நுகத்தடி உட்காரும் இடத்தில் புண். உள்ளங்கை அகலம். ஓரம் தடித்து, நடுவில் குழிந்து, ஈ மொய்த்தது. ஈயை விரட்டக்கூட அந்த மாட்டுக்கு மனமில்லை.

"எத்தன நாளா இருக்கு அண்ணாச்சி?"

"இப்பத்தான் டாக்டரம்மா. ஒரு வாரம் இருக்கும்."

"புண்ணு பொய் சொல்லாது. நீங்கதான் சொல்லுதீக."

அவர் மீசையைத் தடவினார். "நாலு மாசம் இருக்கும்."

பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். "கோயில் கொடைக்குப் பந்தயம் இருக்கு. அதுக்குள்ள ஆறணும். ஆறலன்னா லாரில ஏத்தி விட்டுருவேன். சும்மா சொல்லல. இதுக்கு முன்னால இடப்பக்கம் நின்ன மூணு மாட்டையும் அப்படித்தான் அனுப்பினேன். மூணுக்கும் இதே மாதிரி கழுத்துல புண்ணு. அந்தப் பக்கத்துக்கே ராசி இல்ல. கண்ணேறு."

லாரி என்றால் அடிமாட்டு லாரி.

அவர் இதைச் சொன்னபோது நான் தலை குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணேறு என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதைக் கேட்பதை விட்டுவிட்டேன். படித்தவர்களுக்கு உள்ள வியாதி இது. மூடநம்பிக்கை என்று ஒன்றைத் தள்ளும்போது, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தகவலையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம்.

பேட்டரிக் கரியும் மூக்குப்பொடியும்

நாலு மாதமும் அந்தப் புண் சும்மா இருக்கவில்லை. அதற்கு வைத்தியம் நடந்திருந்தது. கழுவக் கழுவ ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலில் எஞ்சினிலிருந்து எடுத்த கழிவு ஆயில். அதற்குக் கீழே மூக்குப்பொடி. அதற்கும் கீழே, பழைய டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்த கரி.

"பேட்டரிக் கரி எதுக்கு அண்ணாச்சி? மாட்டுக் கழுத்துல லைட்டு எரியவா?"

"எல்லாரும் போடுதாக, நானும் போட்டேன்."

இதுதான் எங்கள் பக்கத்து மருத்துவ நூல்.

போன வாரம் இந்தப் பத்தியில் கோழி வளர்ப்பவர்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'அம்மா கொஞ்சம் தன்மையாக எழுதலாம்' என்று நாசரேத்திலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, என் சொந்த ஊரும் நாசரேத்துதான். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அவர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. வகுப்பில் பின் பெஞ்சுக்காரர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே பரீட்சை எழுதினார்கள், கேட்காதவர்கள் மாதிரியே மார்க்கும் வாங்கினார்கள். தன்மையாகப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

செவலைக்கு வருகிறேன். கழுவினேன், அழுகிய சதையை வெட்டினேன், களிம்பு போட்டேன், ஊசி போட்டேன், நுகத்தில் பூட்டக்கூடாது என்று திட்டினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், புண் சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. பழைய புண்கள் சில இப்படித்தான். ஆற வேண்டும் என்பதே உடம்புக்கு மறந்து போயிருக்கும்.

மஞ்சள் தண்ணி

மறந்ததை நினைவுபடுத்த ஒரு வழி இருந்தது. ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ரத்தத்தில் பிளேட்லெட் என்று மிகச் சிறிய அணுக்கள் உண்டு. உடம்பில் எங்கே கீறினாலும் முதலில் ஓடிவந்து அடைப்பது அவைதான். அடைத்துவிட்டுச் சும்மா இருக்காது, தோலை வளர்க்கச் சொல்லி மற்ற அணுக்களையும் கூப்பிடும். அதனால் மாட்டின் ரத்தத்தையே எடுத்து, உறையாமல் மருந்து கலந்து, மெஷினில் சுற்றினால் சிவப்பு கீழே தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். அந்த மஞ்சளைத் தனியே எடுத்து இன்னொரு தடவை சுற்றினால், அடியில் பிளேட்லெட் அடர்ந்திருக்கும். அதில் கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் நுங்கு போல இறுகும். சுத்தம் செய்த புண்ணில் அதை வைத்துக் கட்ட வேண்டும். எல்லாப் புண்ணும் இதற்கு மசியும் என்று நான் சொல்லமாட்டேன். சில மசியும்.

எங்கள் மருந்தகத்திலும் ஒரு மெஷின் இருந்தது. பதிவேட்டில். அறையில் இருந்தது அதன் மூடி மட்டும். நான் அந்த மூடியைப் பஞ்சு வைக்கப் பயன்படுத்தினேன்.

அதனால்தான் முடி மருத்துவமனை. அதை நடத்திய ஜெபா என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் மனிதர்களுக்குச் செய்வதும் இதே வேலைதான், மண்டையில்.

ரத்தம் எடுத்தபோது அண்ணாச்சி கொம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பிலிருந்து குழாய் குழாயாக எடுப்பதைப் பார்த்து அவர் முகம்தான் வெளுத்தது. மாடு அசை போட்டது.

"ஐஸ்ல வச்சுக் கொண்டுட்டுப் போவோமா டாக்டரம்மா? வழியில மீன் வண்டிக்காரன்கிட்ட வாங்கிக்கிடலாம்."

"இது என்ன வஞ்சிர மீனா? ஐஸ்ல வச்சா கெட்டுப்போவும். குலுக்காம ஓட்டச் சொல்லுங்க, போதும்."

இந்தக் கரையில் எதை எடுத்தாலும் ஐஸில் போட்டுத்தான் நம்புவார்கள்.

ஜெபாவின் பின்னறை

அந்தக் குளிர் அறையில் என்னைப் பார்த்ததும் ஜெபா தலையில் கை வைத்தான். அவன் தலையிலும் முடி இல்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

"ஏளா, போன்ல ரத்தம்னுதான சொன்ன! மாட்டு ரத்தம்னு சொல்லலியே!"

"மாட்டு டாக்டர் வேற யாரு ரத்தத்தைக் கொண்டுட்டு வருவா?"

"இங்க மனுசங்க வாராங்க!"

"ஏலே, முதல்ல உன் தலைக்குப் போட்டுக் காட்டு. பெறகு மனுசங்களப் பத்திப் பேசு."

கடைசியில் பின்னறையைத் திறந்துவிட்டான். புது மெஷின் வந்தபிறகு ஒதுக்கிப்போட்ட பழைய மெஷின் அங்கே இருந்தது. அதை மாட்டுக்கே கொடுத்துவிட்டான். அதன் பிறகு மனித ரத்தம் எதுவும் அதில் ஏறவில்லை. அந்தக் கல்யாண மாப்பிள்ளை இதைப் படித்தால் நிம்மதி அடையட்டும்.

ரோஸ்லின் வேடிக்கை பார்க்க வந்தாள். சிவப்பு பிரிந்து மஞ்சள் நின்றதும் சொன்னாள், "எங்க மாமாகிட்ட சொல்லணும் மேடம். அவுக நாய்க்குக் கால்ல வெட்டு. போட் விசிறி அடிச்சிருச்சு."

சொல்லியும்விட்டாள். ஆனால் அவள் மாமா கேட்டது 'ரத்தம் வச்சா புண்ணு ஆறும்' என்ற அளவுக்குத்தான். தருவைகுளத்தில் ரத்தத்துக்குப் பஞ்சமா? கரையில் சூரை மீன் வெட்டும் இடத்திலிருந்து ஒரு வாளி எடுத்து நாயின் காலில் ஊற்றினார். அடுத்த இரண்டு நாளும் அந்த நாய் எங்கே போனாலும் பின்னால் ஏழெட்டுப் பூனைகள் போயினவாம். நாய் அவமானத்தில் கடலுக்குள் போய் நின்றது. நான் போய்க் கழுவித் தையல் போட்டேன்.

"ரத்தம்தான போட்டேன் டாக்டர்?" என்றார் மாமா.

"அது ரத்தம் இல்ல, மாமா. குழம்பு."

முதல் கொடி

நாலு தடவை போய் வந்தேன், வாரம் ஒன்று. காலையில் ரத்தம், மதியத்துக்குள் கட்டு. இரண்டாவது கட்டைப் பிரித்தபோது குழியின் அடியில் மாதுளை மணி போலச் சிவந்த சதை ஏறியிருந்தது. மூன்றாவதில் ஓரத்திலிருந்து தோல் உள்ளே நடந்து வந்தது. நாலாவதற்குப் பிறகு, ஒரு விரல் அகலத்துக்கு ரோமமில்லாத தோல் மட்டும் மிச்சம்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது. மறைக்கவில்லை. கால்நடைத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போட்டோக்கள் அனுப்பினேன். மெஷின் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் வராத பதில் அன்றே வந்தது. அவர்களுடைய ஆண்டறிக்கையில் போட அனுமதி கேட்டிருந்தார்கள்.

கொடைத் திருவிழாப் பந்தயத்தில் செவலையும் மயிலையும் முதலாவதாக வந்து முதல் கொடி வாங்கின. அண்ணாச்சி ஒரு பெட்டி சுக்குக் கருப்பட்டி அனுப்பினார். மருந்தகம் முழுக்க மணத்தது.

ஒரு வாரம் கழித்துச் செவலையே வந்தது. கழுத்தில் குழி. அதே இடம். அளவெடுத்துத் தோண்டியது போல.

"ஒங்க ரத்த வைத்தியம் நிக்கலியே டாக்டரம்மா," என்றார் அண்ணாச்சி. குரலில் குறை இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"இப்படி ஓட்டினா எந்தத் தோல் நிக்கும்?" என்று கத்தினேன்.

"மயிலையும்தான ஓடுது? அதுக்கு ஒண்ணும் இல்லியே."

பதிலுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தேன். மறுபடியும் வேன், மாடி, வழுக்கைத் தலைகள். ரோஸ்லின் படிவம் நீட்டுவதை நிறுத்திவிட்டாள். "செவலை வந்தாச்சு சார்," என்று உள்ளே குரல் கொடுப்பாள். புண் மறுபடியும் ஆறியது. ஆற்றுவது எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வருகிறது என்று கேட்கத்தான் தெரியவில்லை.

ஜோசியரின் பரிசோதனை

அண்ணாச்சி அதற்குள் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டார். இடப்பக்கம் தோஷம், பக்கத்தை மாற்றிக் கட்டு என்று அவர் சொன்னாராம். பழகிய பக்கத்தை மாற்றினால் பந்தய மாடு முரண்டு பிடிக்கும். ஆனாலும் பொறுமையாகப் பழக்கினார். செவலை வலப்பக்கம் போனது. மயிலை இடப்பக்கம் வந்தது.

போனில் சொன்னபோது நன்றாகச் சிரித்தேன். "ஜோசியர் மாட்டுக்கு ஜாதகமும் எழுதினாரா அண்ணாச்சி?"

பதினைந்து நாளில் அவர் மருந்தகத்து வாசலில் நின்றார். கையில் மயிலையின் கயிறு.

மயிலையின் கழுத்தில் புண். திமிலுக்கு முன்னால், அதே இடத்தில், அதே வட்டம். செவலையின் கழுத்து பட்டுப்போல இருந்ததாம்.

பக்கத்தை மாற்றினால் புண் மாட்டை விட்டு மாட்டுக்குத் தாவுகிறது. அப்படியென்றால் புண் மாட்டில் இல்லை. மூன்று மாடுகள் என்று அவர் முதல் நாளே சொன்னார். ஐந்து மாட்டுக் கழுத்து ஒரே சேதியைச் சொல்லியிருக்கிறது. பட்டம் வாங்கிய நான் மஞ்சள் நீரைத் தூக்கிக்கொண்டு மாவட்டம் சுற்றியிருக்கிறேன். ஒழுங்கான பரிசோதனையைச் செய்து காட்டியது ஒரு ஜோசியர்.

"அண்ணாச்சி, நுகத்தடி எங்க?"

"வீட்டுல."

"வண்டில பூட்டி வச்சிருக்கா?"

"சேச்சே. பூஜை ரூம்ல."

பூஜை அறை

அது அவருடைய அப்பா செய்வித்த நுகத்தடி. மஞ்சணத்தி மரம். அப்பா காலத்தில் எத்தனையோ முதல் கொடி வாங்கியது. பந்தயம் முடிந்ததும் கழற்றி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார்கள். கழுவ மாட்டார்கள், கழுவினால் ராசி போய்விடும். அடுத்த பந்தயத்துக்குப் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம்.

நான் உள்ளே போனதும் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "பொம்பளைங்க அதத் தொடக்கூடாது டாக்டரம்மா. வீட்டுக்காரியே தொடமாட்டா."

அவர் மனைவி சந்திரக்கனி அக்கா கதவோரம் நின்றாள். "இருபது வருசமா அந்த மூலைய மட்டும் அவுகளே பெருக்குதாக," என்றாள்.

"மாட்டுக் கழுத்து தொடலாம், நான் தொடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் துணியை அவிழ்த்தேன். இடது முனையைப் பிடித்து, கழுத்தில் உட்காரும் அடிப்பக்கமாகக் கையை வைத்து அழுத்தி இழுத்தேன்.

உள்ளங்கை கிழிந்தது.

சொட்டுச் சொட்டாக நுகத்தடியில் விழுந்தது. அண்ணாச்சி அலறினார். "ஐயோ, நுகத்துல ரத்தம் படுதே!"

"இன்னைக்குத்தான் படுதா அண்ணாச்சி?"



சாவியால் சந்தனத்தைச் சுரண்டினேன். அதற்குள் முடி ஒட்டியிருந்தது. மேலே சாம்பல் முடி, மயிலையுடையது. அதற்குக் கீழே செம்முடி. இன்னும் கீழே கருப்பு. அதற்கும் கீழே ஒரு பித்தளைத் தகடு. அப்பா காலத்தில் மரத்தில் விரிசல் விழுந்து, தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார். காலப்போக்கில் ஆணியின் தலை எழும்பியிருந்தது. சும்மா நிற்கும்போது சந்தனம் அதை மூடிக்கொள்ளும். வண்டியின் பாரம் இறங்கி, மாடு ஓட ஆரம்பித்தால் கழுத்துக்குள் போகும்.

"குறடு கொண்டாங்க."

"அது அப்பா அடிச்ச ஆணி, டாக்டரம்மா." அவர் ஆணியின் மேல் கையை வைத்து மூடினார். "அதப் புடுங்கச் சொல்லாதீக. மயிலைக்கு ரத்தம் எடுங்க. எத்தன தடவ வேணும்னாலும் வேன் அனுப்புதேன்."

இதைவிடப் பெரிய பாராட்டு என் வைத்தியத்துக்கு இனிமேல் கிடைக்காது. ஒரு மனிதர் ஆணியைக் காப்பாற்றுவதற்காக என் மருந்தை நம்பினார்.

சந்திரக்கனி அக்காதான் பேசினாள். "ஏங்க, மாமா அந்த ஆணிய மரத்துல அடிச்சாகளா, மாட்டுல அடிச்சாகளா?"

அவள் வேனிலிருந்து குறட்டை எடுத்து வந்து கணவர் கையில் வைத்தாள். அவரே பிடுங்கினார். எளிதாக வந்துவிட்டது. ஒரு விரலில் கால் பங்கு நீளம்கூட இல்லை.

கருப்பு முடியைக் காட்டிக் கேட்டேன். "இது எந்த மாடு?"

"காரி," என்றார். "மூணுல மொத மாடு. நல்ல ஓட்டக்காரன். ஏத்தும்போது லாரில ஏறமாட்டேன்னு நின்னான்."

நான் அவரைத் திட்டவில்லை. வாயில் வார்த்தை இருந்தது. ஆனால் முதல் நாள் சீட்டு எழுதிக்கொண்டு தலை நிமிராமல் இருந்தவள் நான்.

மயிலையின் புண் புதிது. வெறும் களிம்பிலேயே ஆறியது. நுகத்தில் ஆணி இருந்த இடத்தில் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாடுகளும் நன்றாக ஓடுகின்றன. ஜோசியர் சொல்லித் தோஷம் கழிந்தது என்றுதான் அண்ணாச்சி ஊரில் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும். இப்போது புண்ணோடு மாடு வந்தால் நான் ஊசியைத் தொடுவதற்கு முன் நுகத்தடியைக் கொண்டுவரச் சொல்கிறேன். பைத்தியம் என்கிறார்கள்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். பூஜை அறையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம். அதற்குள் அந்த ஆணி. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. பக்கத்தில் ஒரு செவ்வரளிப் பூ மட்டும் இருந்தது.

"இதையும் கும்பிட ஆரம்பிச்சாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கும்பிடல," என்றார். "பூ காரிக்கு."